நன்றாக நடந்த எலிகள்

ஏழாவது எலியைக் கூண்டிலிருந்து எடுக்கும்போது பால்வண்ணத்துக்கு அந்தத் துணி வளையம் ஞாபகம் வந்தது. பழைய சேலையின் பச்சைக் கரையைக் கிழித்து முறுக்கி முடிச்சுப் போட்ட வளையம். வீட்டுக் குளியலறையின் உள்பக்கத் தாழ்ப்பாளில் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் குளிக்கப் போனபோது பார்த்தார், பார்த்தது கண்ணோடு நின்றுபோயிற்று, மனசுக்கு வந்து சேர மத்தியானம் இரண்டரை மணி ஆகியிருக்கிறது. யார் கட்டினது, எதுக்குக் கட்டினது. "அண்ணாச்சி, வலது கால்" என்றாள் ஆராய்ச்சி பண்ணுகிற பிள்ளை சுகிர்தா. அவர் எலியின் உடம்பை உள்ளங்கையில் தாங்கி, வலது பின்னங்காலை நீட்டி, கண்ணாடிக் குழாயிலிருந்த தண்ணீருக்குள் கணுக்காலில் பேனாவால் போட்டிருந்த கோடு வரைக்கும் இறக்கினார். கால் எவ்வளவு வீங்கியிருக்கிறதோ அவ்வளவு தண்ணீர் பக்கத்துக் குழாயில் ஏறும். அதைக் குனிந்து பார்த்து அவள் நோட்டில் எழுதுவாள். இன்றைக்கு நாற்பத்திரண்டாம் நாள், கடைசி அளவு. இதற்குமேல் இந்த எலிகளுக்குக் கால் அளக்கிற வேலை இல்லை, திங்கட்கிழமை எலியைக் கொன்று கால்மூட்டை வெட்டி எடுத்துச் சாயம் போட்டுப் பார்ப்பார்கள். இரண்டு புள்ளி ஏழு மில்லி என்றாள் சுகிர்தா, சாதாரணக் கால் என்றால் ஒன்று புள்ளி இரண்டு இருக்கும். எலி அவர் சட்டைக் கையில் மூத்திரம் பெய்தது. பெய்யட்டும், இருபத்திரண்டு வருஷமாய்ப் பெய்துகொண்டுதானே இருக்கிறது.

திருநெல்வேலிக்கு வெளியே இருக்கும் அந்த மருந்தியல் கல்லூரியின் அனிமல் ஹவுஸில் இருபத்திரண்டு வருஷம். எலிக்குத் தீவனம் போடுவது, தண்ணீர் வைப்பது, கூண்டுக்கு உமி மாற்றுவது, ஆராய்ச்சிப் பிள்ளைகள் பயந்து பயந்து பிடிக்கிற எலியைப் பயப்படாமல் பிடித்துக்கொடுப்பது, இவ்வளவுதான் வேலை. ஆனால் வருகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஊசியை எந்தக் கோணத்தில் போடவேண்டுமென்று அவர்தான் காட்டியிருக்கிறார், பட்டம் அவர்களுக்கு, உமி இவருக்கு, அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. கீழ்த்தட்டில் இரண்டு கூண்டு, மேல்தட்டில் இரண்டு கூண்டு, கூண்டுக்கு ஆறு, மொத்தம் இருபத்துநாலு எலி. ஒன்றாம் கூண்டுக்கு நோயும் இல்லை மருந்தும் இல்லை. மற்ற மூன்று கூண்டுக்கும் வலது காலில் ஊசி போட்டு மூட்டுவாதத்தை வரவழைத்திருந்தது. ஊசி போட்டது வலது காலில்தான், பத்துப் பன்னிரண்டு நாளில் ஊசியே படாத இடது காலும் வீங்கும். உடம்பு எதிரி என்று நினைத்துத் தன் மூட்டையே தின்னத் தொடங்கும் என்று சுகிர்தா முதல் நாளே அவருக்கு விளக்கினாள். அவர் தெரியும்மா என்றார். எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. இரண்டாம் கூண்டுக்கு நோய் மட்டும், மருந்து கிடையாது. மூன்றாம் கூண்டுக்குக் கடை மாத்திரை. நான்காம் கூண்டுக்கு வாதநாராயணன் இலையிலிருந்து அவள் எடுத்த பொடி. மூன்று வருஷம், பத்துப் பதினைந்து சாக்கு இலை, சாக்கு சாக்காய் மரத்திலிருந்து ஒடித்து பஸ்ஸில் போட்டுக்கொண்டு வந்தது இவர், நிழலில் உலர்த்தி ஊறவைத்து வடித்து வற்றவைத்துப் பிரித்துப் பிரித்துப் பார்த்தது அவள், கடைசியில் மிஞ்சியது ஒரு தீப்பெட்டியில் பாதிகூட நிரம்பாத வெளிர்மஞ்சள் பொடி. அந்தப் பொடி வேலை செய்கிறதா இல்லையா, அதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகூடக் கோயில் முடிந்த கையோடு வந்து எலிகளின் வாயில் மருந்து விட்டுவிட்டுப் போகிறது.

அவருக்குத் தெரிந்தது ஆவுடையால். கல்யாணமாகி முப்பது வருஷம், பிள்ளையில்லை, அவளுக்கு அவர், அவருக்கு அவள், சண்டை போடவும் வேறு ஆள் கிடையாது. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் பால் பாத்திரத்தை இறக்கப்போனவள் அப்படியே கீழே போட்டாள். போட்டுவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள், அது யாருடைய கை என்று கேட்பதுபோல. அதற்கப்புறம் பெரியாஸ்பத்திரி, ரத்தச் சோதனை, முடக்குவாதம் என்று பெயர். புதன்கிழமை தோறும் போடச்சொல்லி மஞ்சள் மாத்திரை. புதன்கிழமை மாத்திரை போட்டால் வியாழன் முழுக்க வாந்தி, வெள்ளிக்கிழமை எழுந்து உட்காருவாள், வாரத்தில் அவளுக்கென்று நாலு நாள். முடி கொட்டியது. அந்த முடியை அவர்தான் தினமும் காலையில் சீவிப் பின்னிவிடுவார். முதல்முதலில் பின்னியபோது கோணல்மாணலாய் வந்தது. "இது என்ன சடையா, வடக்கயிறா" என்று அவள் சிரித்தாள், அவருக்குக் கோபம் வந்தது, பிடிவாதமாய்ப் பழகி இப்போது ஐந்து நிமிஷத்தில் பின்னிவிடுகிறார். ரவிக்கைக்கு ஊக்கு மாட்டுவதும் அவர்தான். ஜன்னலைச் சாத்திவிட்டுக் கிசுகிசுவென்று திட்டிக்கொண்டே நிற்பாள், ஆம்பிளைக் கை, ஊக்கு மாட்டத் தெரியுதா பாரு. நோட்டிலிருந்து நிமிராமல் சுகிர்தா ஏதோ கேட்டாள், அவர் உம் என்றார். ஊக்கு. ஊக்கு மாட்டி எத்தனை நாளாயிற்று. இரண்டு வாரம் இருக்கும், இனிமே நானே மாட்டிக்கிடுவேன் என்றாள் ஒருநாள், அவருக்குச் சந்தோஷத்தில் அன்றைக்கு பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தது தெரியவில்லை. கேட்டிருக்கலாம், எங்கே மாட்டு பார்ப்போம் என்று. அந்த நாளிலிருந்து அவள் நைட்டியும் மேலே ஒரு துண்டுமாய்த்தான் இருக்கிறாள், புழுக்கமாயிருக்கு என்று சொல்லிக்கொண்டு. நைட்டிக்கு ஊக்கு கிடையாது.

எட்டாவது எலி, முதுகில் மஞ்சள். இரண்டாம் கூண்டின் முதுகு. எலிகள் எல்லாம் வெள்ளை, ஒன்றுக்கொன்று அடையாளம் தெரியாது, அதனால் மஞ்சள் சாயத்தைப் பஞ்சில் தொட்டு ஒன்றுக்குத் தலையில், ஒன்றுக்கு முதுகில், ஒன்றுக்கு வாலடியில், ஒன்றுக்கு வலது விலாவில், ஒன்றுக்கு இடது விலாவில் போடுவார்கள், ஆறாவதற்கு ஒன்றும் போடுவதில்லை, ஒன்றும் இல்லாததே அதன் அடையாளம். எல்லாக் கூண்டிலும் இதே ஆறு அடையாளம்தான். எந்தக் கூண்டு என்பது கூண்டில் தொங்கும் அட்டையில் இருக்கும், எலியின்மேல் இருக்காது. அதனால்தான் ஒரு கூண்டைக் கழுவி எலியைத் திரும்ப விட்ட பிறகே அடுத்த கூண்டைத் தொடவேண்டும், இது அவரே எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிற பாடம். ஆனால் பதினைந்தாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் இரண்டு கூண்டைச் சேர்த்துக் கழுவினார். ஆவுடை வீட்டில் தனியாக இருந்தாள், முந்தின நாள் அவளுக்கு ரொம்ப முடியவில்லை, சீக்கிரம் போகவேண்டும், ஒரே ஒரு தடவைதானே. இரண்டாம் கூண்டின் ஆறையும் ஒரு நீலத் தொட்டியில், நான்காம் கூண்டின் ஆறையும் இன்னொரு நீலத் தொட்டியில், இரண்டையும் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுக் கூண்டில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பக்கத்து வீட்டு பாத்திமுத்து. "அண்ணாச்சி, மைனி பாத்ரூமுக்குள்ள மாட்டிக்கிட்டாவ. தாப்பாளு திருகி வரமாட்டேங்குதாம். சத்தம் போடக் கூச்சப்பட்டுக்கிட்டு ஒரு மணிநேரமா உள்ளயே நின்னுருக்காவ." சோப்புக் கையோடு திரும்பினார், முழங்கை தொட்டியில் பட்டது, தொட்டி கவிழ்ந்து பக்கத்துத் தொட்டிக்குள் ஆறு எலியும் கொட்டிற்று. பன்னிரண்டு எலி ஒரே தொட்டியில். இரண்டு மஞ்சள் தலை, இரண்டு மஞ்சள் முதுகு, இரண்டு வாலடி. ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, எது யாருடையது என்று கடவுளுக்குத்தான் தெரியும். சுகிர்தாவுக்குத் தெரிந்த கடவுளோ அந்த நேரம் கோயிலில் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது அவர் செய்தது என்ன. அதை இருபத்தேழு நாளாய் எத்தனையோ விதமாய்ச் சொல்லிப்பார்த்துவிட்டார். பயத்தில் செய்தேன், அவசரத்தில் செய்தேன், வேறு வழியில்லாமல் செய்தேன். ஒன்றும் சரியாக உட்காரவில்லை. ஈரக்கூண்டு இரண்டிலும் உமியைக் கொட்டினார். இரண்டு மஞ்சள் தலையையும் எடுத்து மேடைமேல் விட்டார். ஒன்று காலை இழுத்தது, ஒன்று ஓரளவு ஊன்றி நடந்தது. ஊன்றி நடந்ததை நான்காம் கூண்டில் போட்டார். மருந்துக் கூண்டு. பொடி கொடுத்ததல்லவா, அப்போ நடக்கிறதுதான் பொடி தின்றதாக இருக்கும். இரண்டு முதுகு. இதுவும் அப்படித்தான். ஆறு ஜோடி, ஆறு தடவை, ஒவ்வொரு தடவையும் நன்றாக நடந்தது மருந்துக்கு, இழுத்தது மருந்தில்லாத கூண்டுக்கு. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு ஓடினார். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, பொடி கொடுக்கத் தொடங்கியதே முந்தின நாள்தான், ஒரே ஒரு வேளை. ஒரு வேளை மருந்தில் எந்தக் கால் நடக்கும். ஆளுக்கு ஆள் நோய் கூடக்குறைய இருக்கிறதில்லையா, அப்படி எலிக்கு எலியும் இருக்கும், அதனால்தானே அந்தப் பிள்ளை பதினாலாம் நாள் சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டு எது எந்தக் கூண்டு என்று பிரித்தாள், குலுக்கும்போது சீட்டை எடுக்கச் சொன்னதே அவரைத்தான், உங்க கை ராசியான கை அண்ணாச்சி என்று. நாம நல்லா இருக்கணும்னு ஆசைப்படுறதே கணக்கைக் கெடுத்துரும், அதுக்குத்தான் குலுக்கல் என்றும் சொன்னாள். அவர் ஆசைப்பட்டார். தொட்டிக்குள் குனிந்தபோது அவருக்கு எலி தெரியவில்லை, பூட்டிய கதவுக்குள் நின்றுகொண்டிருக்கிற ஆவுடைதான் தெரிந்தாள், மருந்து கேட்கவேண்டும், கேட்டுத்தான் ஆகவேண்டும், அந்த அவசரம் அவர் விரலுக்குள் இருந்தது. வீட்டில் பாத்திமுத்துவின் மகன் ஏணி வைத்து வென்டிலேட்டர் வழியே இறங்கித் திறந்துவிட்டிருந்தான். ஆவுடை ஈரப் பாவாடையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், அவரைப் பார்த்ததும் "எலியெல்லாம் பட்டினியாக் கெடக்கும், எதுக்கு ஓடி வந்திய" என்றாள். மறுநாள் சுகிர்தாவிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். மறுநாள் சொல்லவில்லை. அதற்கு மறுநாள் சொல்ல ஏன் நேற்றே சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்துக் காரணம் வேண்டியிருந்தது.

பன்னிரண்டாவது எலி முடிந்தது, இரண்டாம் கூண்டு முடிந்தது. மூன்றாம் கூண்டை இறக்கினார். சுகிர்தா தண்ணீரைச் சரிபார்த்தாள், மூக்கு நுனியில் வேர்வை, நேற்றெல்லாம் தூங்கவில்லை என்று வந்ததும் சொன்னாள். இருபத்தொன்பது வயசு, ஊரில் கல்யாணப் பேச்சை இந்த நோட்டு முடியட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறாள். இருபத்தொன்றாம் நாள் அளவில் நான்காம் கூண்டுக்கு வீக்கம் குறைந்திருந்தது, அன்றைக்கு அவள் முகம் எப்படி ஆயிற்று என்று அவர் பார்த்தார். பார்த்ததும் அவருக்கும் சந்தோஷம் வந்தது, அதுதான் அசிங்கம், நிஜமான சந்தோஷம். ஒருவேளை நாம் பிரித்தது சரியாகத்தான் இருந்திருக்குமோ, ஒருவேளை மருந்து நிஜமாகவே கேட்கிறதோ, கேட்காமல் எப்படி இவ்வளவு குறையும். தான் மாட்டிய அட்டையைத் தானே நம்பினார். அன்று சாயங்காலம், பொடி பிரித்தபின் கீழே கொட்டுவதற்காக வைத்திருந்த கரும்பச்சை விழுதை ஒரு இருமல் மருந்துப் புட்டியில் வழித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். யாரிடமும் கேட்கவில்லை, குப்பைக்குப் போகிறதுதானே. தினமும் காலையில் சுண்டைக்காய் அளவு வெந்நீரில் கரைத்து ஆவுடைக்குக் கொடுத்தார். கசப்பில் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தாள். இந்த வாந்தி மாத்திரையைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திப் பார்ப்போமே என்று சொன்னது யார். அவர்தான். அவள் யோசித்தாள், டாக்டர் திட்டுவாரே என்றாள், அவர் டாக்டருக்கு எலியப் பத்தி என்ன தெரியும் என்றார். சொல்லும்போது எவ்வளவு தெம்பாகச் சொன்னார். நாலாம் நாளே அவள் "தேவலங்க" என்றாள். ஒரு வாரத்தில் "பாதி கொறஞ்சிட்டு" என்றாள். "எலிக்கே கேக்குன்னா எனக்குக் கேக்காதா, நான் என்ன எலிய விட மட்டமா" என்றாள். அந்த வார்த்தையை அவர் பஸ்ஸில், கூண்டு கழுவும்போது, தீவனம் போடும்போது எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டார். மூன்று புதன்கிழமை மாத்திரை இல்லாமல் போயிற்று.

"கடைசிக் கூண்டு அண்ணாச்சி" என்றாள் சுகிர்தா. பத்தொன்பதாவது எலி, தலையில் மஞ்சள், ஒன்று புள்ளி ஏழு. இருபதாவது, ஒன்று புள்ளி எட்டு. இருபத்தொன்று, வாலடியில் மஞ்சள். இதை எடுக்கும்போது அவர் கட்டைவிரல் தவறி வீங்கிய கணுக்காலில் அழுந்திற்று, நன்றாகவே அழுந்திற்று, எலி கத்தவில்லை. இது ரொம்பத் தேறிடுச்சு போல, சத்தமே காணோம் என்று சுகிர்தா சந்தோஷமாகச் சொன்னாள். இல்லம்மா என்று அவர் வாய்க்குள் சொல்லிக்கொண்டார். இருபத்திரண்டு வருஷம் எலி பிடித்த கைக்கு அது தெரியும். லேசான வலிக்கு எலி கத்தும், கடிக்கும், துள்ளும். வலி தாங்கமுடியாமல் போனால் பேசாமல் இருக்கும், மற்ற எலிகளோடு சேர்ந்து தீவனத்துக்குக்கூட ஓடிவரும், நோஞ்சான் என்று தெரிந்தால் மற்றது மிதித்துவிடும் என்று மறைக்கும். கூண்டில் எதற்கு ரொம்ப முடியவில்லை என்று பார்க்கவேண்டுமானால் சத்தம் போடாததைத் தேடவேண்டும். புதுப்பிள்ளைகளுக்கு அவர் முதல் வாரமே சொல்லித்தருவார். அவர் கை எலியைப் பிடித்தபடி நின்றுவிட்டது. தாழ்ப்பாளில் வளையம். விரலால் திருக முடியாதவள் மணிக்கட்டை நுழைத்து இழுப்பதற்கான வளையம். பிரிட்ஜ் கதவிலும் ஒன்று தொங்கியது, போன வாரம், கரித்துணி காயப்போட்டிருக்கிறாள் என்று நினைத்தார். அரிசி டின் மூடியில். ஜன்னல் கொக்கியில். அலமாரிச் சாவியில். எல்லாம் அதே பச்சைக்கரை. ஒவ்வொன்றாய்ப் பார்த்திருக்கிறார், ஒன்றையும் பார்க்கவில்லை. காப்பித் தம்ளரை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கிக் குடித்தாள், சூடு தாங்கலைங்க என்றாள். நேற்று அவர் கையைக் காட்டு பார்ப்போம் என்றபோது துண்டுக்குள் இழுத்துக்கொண்டு, எண்ணெய் தேய்ச்சிருக்கேன், பிசுபிசுன்னு இருக்கும் என்றாள். எதற்கு எண்ணெய். பாதி குறைந்தவளுக்கு எதற்கு இத்தனை வளையம். முடிச்சு, அந்த முடிச்சை எப்படிப் போட்டாள். பல்லால் போட்டிருப்பாள். அவர் வேலைக்குக் கிளம்பிய பிறகு, பகலில், ஒவ்வொரு கதவாய்ப் போய், பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டிருப்பாள், அவர் ஆசையாகப் புட்டியில் கொண்டுவருகிற கசப்பைக் குடித்துவிட்டு, அவர் முகம் வாடக்கூடாதென்று.

அவருக்கு அழுகை வந்தது. ஐம்பத்தாறு வயசில் எலியைக் கையில் வைத்துக்கொண்டு அழுவது எப்படி இருக்கும், தும்மல் வருவதுபோலப் பாவனை பண்ணி முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். மூன்று வாரம். அந்த மஞ்சள் மாத்திரை வாந்தியைக் கொடுத்தாலும் மூட்டைத் தின்னவிடாமல் பிடித்துவைத்திருந்தது, நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் தின்றது தின்றதுதான், திரும்ப வளராது என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள். விரல் கோணிப்போனால் போனதுதான். அவர் நிறுத்தச் சொன்னார். எதை வைத்து, தான் கலந்து, தான் பிரித்து, தான் அட்டை மாட்டிய ஒரு கூண்டை வைத்து. சரி, அவளைப் போய்ப் பார்த்து மாத்திரையைப் போடச்சொல்வோம், அதற்கும் இதற்கும் என்ன, இந்தப் பிள்ளையிடம் எதற்குச் சொல்லவேண்டும், எண்கள் நன்றாகத்தானே வருகிறது, அவள் பட்டம் வாங்கிக்கொண்டு போகட்டும், கல்யாணம் ஆகட்டும், எலியா வந்து சாட்சி சொல்லப்போகிறது, திங்கட்கிழமை அதுவும் இருக்காது. நினைப்பு வழுவழுவென்று ஓடிற்று, ஓடி ஓர் இடத்தில் தட்டி நின்றது. இந்த எண்ணை நம்பி நாளைக்கு எங்கோ ஒருத்தன் தன் பெண்டாட்டியிடம் மாத்திரையை நிறுத்து என்று சொல்வான். அவள் பாதி குறைந்துவிட்டது என்று சொல்வாள். இருபத்திரண்டு, ஒன்று புள்ளி ஆறு. இருபத்துமூன்று. அடையாளம் ஒன்றும் இல்லாத இருபத்துநாலாவது எலியை அவர் தண்ணீரில் இறக்கினார், அது தலையைத் திருப்பி அவர் விரலை மோந்து பார்த்தது.

சுகிர்தா நோட்டில் கூட்டிப் பார்த்தாள், இன்னொரு தரம் கூட்டிப் பார்த்தாள். இரண்டாம் கூண்டுக்கும் நான்காம் கூண்டுக்கும் சராசரியில் ஏறக்குறைய முழு ஒன்று வித்தியாசம். அவள் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கையால் பொத்திக்கொண்டாள், பிறகு சிரித்தாள், கண் நிறைந்திருந்தது. கேட்குது அண்ணாச்சி என்றாள். கைடு சாருக்கு இப்பவே போன் பண்ணப்போகிறேன், நீங்கள் கொண்டுவந்த இலைதான், உங்கள் பேரையும் நன்றியில் போடுவேன் என்றெல்லாம் சொன்னாள். அவர் எலியைக் கூண்டில் விட்டு, கதவைச் சாத்தி, கொக்கியை மாட்டி, கையைக் கழுவினார். கழுவின கையைத் துடைக்காமல் அவள் முன்னால் வந்து நின்றார்.

"போன் பண்ணாதம்மா. அந்தக் கூண்டு கலந்த கூண்டு."

என்ன சொல்கிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை. அவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை, இரண்டு கூண்டைச் சேர்த்துக் கழுவியது, போன் வந்தது, தொட்டி கவிழ்ந்தது. அதுவரைக்கும் அவள் முகத்தில் ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி இருந்தது, பரவாயில்லை, ஏதாவது செய்யலாம் என்கிற மாதிரி. எப்படிப் பிரித்தீர்கள் என்று கேட்டாள். நல்லா நடந்ததை எல்லாம் மருந்துக் கூண்டில் போட்டேன் என்றார். எத்தனையை இப்படிப் பிரித்தீர்கள். பன்னிரண்டையும். அவள் பேனாவின் மூடியை எடுத்து மாட்டினாள், கழற்றினாள், மாட்டினாள். அவர் அடி வாங்கத் தயாராக நிற்பவரைப்போல் நின்றார், திட்டினால் நன்றாயிருக்கும் என்று தோன்றிற்று. அவள் திட்டவில்லை. மூணு வருஷம் அண்ணாச்சி என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள், அதை அவரிடம் சொன்னதாகக்கூடத் தெரியவில்லை. அதற்குள் அவர் மீதியையும் சொல்லிவிட்டார், புட்டி, விழுது, ஆவுடை. அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். அது சுத்தம் பண்ணாத சாறு, அதில் வேறு என்னென்ன இருக்கிறதென்று எனக்கே தெரியாதே என்றாள். பிறகு ஆஸ்பத்திரி மாத்திரை என்றாள், கேள்வியாகக்கூட இல்லை. மூன்று புதன்கிழமை போடவில்லை என்றார். அவள் நோட்டை மூடி ஓரமாக வைத்தாள்.

"மொதல்ல அக்காவுக்குப் போன் பண்ணுங்க. நான் நோட்டைப் பாத்துக்கிடுறேன். அந்தப் புட்டிய இன்னும் ஒரு சொட்டு தொடக்கூடாதுன்னு சொல்லுங்க, திங்கட்கிழமை நானே வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். குரல் உடைந்துதான் இருந்தது, ஆனால் அந்த உடைசல் அவளுடைய நோட்டுக்கு, அவருக்கு இல்லை. இந்தப் பிள்ளைக்கு அவர் செய்ததற்கு இந்தப் பிள்ளை இப்படிப் பேசுகிறதே. வராந்தாவுக்கு வந்து போனை எடுத்தார். வெளியே சனிக்கிழமைக் கல்லூரி காலியாகக் கிடந்தது, வெயில் வேப்பமரத்தைத் தாண்டிச் சுவரில் ஏறியிருந்தது. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கொஞ்ச நாளாய் அவள் போன் எடுக்க நேரமாகிறது, கொல்லையில் இருந்தேன், அடுப்பில் இருந்தேன் என்பாள், அவரும் சரி என்பார். இப்போது ஒவ்வொரு மணிக்கும் அவர் அவளைப் பார்த்தார், மேசைமேல் இருக்கிற போனை அவள் உள்ளங்கையால் ஓரத்துக்குத் தள்ளுகிறாள், அது நழுவுகிறது, மறுபடி தள்ளுகிறாள், மூக்கால் தொடுகிறாளோ என்னவோ. மணி நின்றது. "என்னங்க, வேல முடிஞ்சிட்டா? எலிக்கெல்லாம் எப்படி இருக்கு?" என்றாள். குரலில் வழக்கமான அந்தக் கலகலப்பு. அது எவ்வளவு கனமான சாமான் என்று அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. என்னென்னவோ சொல்லவேண்டும் என்று வந்தவருக்கு ஒன்றும் ஒழுங்காக வரவில்லை.

"ஏளா, அது மருந்தா இல்லையான்னு யாருக்குமே தெரியாதுளா. எலி எல்லாம் கலந்துபோச்சு, நாந்தான் கலந்துட்டேன். நல்லா நடந்ததையெல்லாம் பொறுக்கி மருந்துக் கூண்டுல போட்டது நாந்தான். அதப் பாத்துட்டுத்தான் ஒனக்குக் கொண்டாந்து குடுத்தேன்."

மூச்சு மட்டும் கேட்டது. கோபப்படுகிறாளா, அழுகிறாளா, போனைக் கீழே போட்டுவிட்டாளா என்று தெரியாமல் அவர் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். இருக்கியாளா என்று கேட்டார். இருக்கேன் என்றாள். பிறகு ஆவுடை கேட்டாள், இத்தனை வருஷத்தில் அவர் கேட்டிராத ஒரு சின்னக் குரலில், அனுமதி கேட்கிற மாதிரி.

"அப்பம் இனிமே வலிக்குன்னு சொல்லலாம்லா?"